மறக்கப் படித்தவன்

வாய்க்குள் யாரோ விரலை விடுகிறான், ரப்பர் உறை மாட்டிய தடித்த விரல், இதற்கு முன் தொட்ட இன்னொருவனின் இரத்தமும் புல்லும் எச்சிலும் அதில் அப்படியே இருக்கின்றன, அது கடைவாய் வரை போய்ப் பற்காப்பைக் கொளுவி இழுத்து வெளியே எடுக்கிறது, தண்ணீர்ப் போத்தலால் அதன்மேல் ஒரு பீய்ச்சு, ஒரு உதறல், பிறகு அதே பற்காப்பு அதே விரலோடு அதே வாய்க்குள், மூக்கடியில் அமோனியாக் குப்பி, கண்ணில் நீர் முட்டுகிறது, வானத்தை மறைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் ஒரு முகம் கேட்கிறது, இது எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன கிழமை யாரோடு விளையாடினோம், துவாரகன் மூன்றுக்கும் மளமளவென்று பதில் சொல்கிறான், முகம் சிரிக்கிறது, கன்னத்தில் இரண்டு தட்டு, எழும்படா கறி, ஆட்டம் இன்னும் முடியேல்ல, எழும்பி ஓடுகிறான், கூட்டம் கைதட்டுகிறது, வாய் முழுக்க அந்த ரப்பர்ச் சுவை. இன்றைக்கும் சோறோ புட்டோ எடுத்து வாயில் வைத்தால் முதலில் வருவது அந்த விரல்தான், பிறகுதான் சாப்பாடு.

நல்ல செய்தி, என்கிறது முகம், இல்லை, இது வேறு முகம், இது நேராகத்தான் இருக்கிறது, டொக்டர் ஹெலன், மூளை நோய்களுக்கான மருத்துவர், மேசைக்கு அந்தப் பக்கம் கணினித் திரையைப் பார்த்தபடி பேசுகிறார், நீங்கள் விளையாடிய காலத்தில் கிளப் எடுத்து வைத்த ஞாபகப் பரிசோதனைப் புள்ளிகளை வரவழைத்துப் பார்த்தேன், இன்று காலை நீங்கள் செய்ததோடு ஒப்பிட்டேன், அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, ஸ்கானிலும் ஒன்றும் தெரியவில்லை, உங்களுக்கு எதுவும் குறைந்துபோகவில்லை மிஸ்டர் துவாரகன். யன்னலோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்த சாருஜா, அவன் மனைவி, அதைக் கேட்டு நிமிரவுமில்லை குனியவுமில்லை. இன்று காலை காரில் வரும்போது, காரை அவள்தான் ஓட்டினாள், அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள், கோபமாகக்கூட இல்லை, இஞ்சேருங்கோ, டொக்டர் மூளையில வருத்தம் எண்டு சொன்னா நான் கடைசி மட்டும் உங்களோட நிண்டு பாப்பன், ஒண்டும் இல்லையெண்டு சொன்னா நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மெல்பேனுக்கு அக்காவிட்டப் போறன், எனக்கு இதுக்கு மேல ஏலாது. நல்ல செய்தி என்று டொக்டர் சொன்னது அந்தக் கெட்ட செய்தியைத்தான்.

அவன் வாயைத் திறக்க வேண்டும், அந்தப் பழைய புள்ளிகள் பொய் என்று சொல்ல வேண்டும், வாயைத் திறந்தால் அந்த விரல் வந்துவிடும்போல் இருக்கிறது, அதனால் மூடிக்கொண்டே இருக்கிறான். ரக்பி லீக் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு ஏதோ ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து புரளும் விசர் விளையாட்டு, அவ்வளவுதான், சிட்னியின் மேற்குப் பக்கத்தில் அது மதம், அந்த மதத்தில் துவாரகன் ஏழு பருவங்கள் விங் ஆடினான், விங் என்றால் ஓரக்கோட்டை ஒட்டி நிற்கிறவன், கையிலிருந்து கைக்குப் பந்து வரும் என்று காத்திருப்பவன், பாதி நாள் வராது, குளிரில் விறைத்துப்போய் நிற்க வேண்டும், பின்னால் வேலிக்கு அப்பால் நின்று பியர் குடிக்கிறவன் அவன் காதில் விழும்படி அவனுடைய அம்மாவைப் பற்றிப் பேசுவான், திடீரென்று பந்து வரும், அப்போது ஓட வேண்டும், மூலைக் கம்பத்தடியில் உடம்பைக் காற்றில் எறிந்து பந்தைக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்த வேண்டும், பத்திரிகைகளில் வருவது அந்தப் பறக்கும் படம்தான், பறந்தவன் விழுந்த படத்தை எவனும் போடுவதில்லை. இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள், எதிரணி பந்தை வானத்துக்கு உதைக்கும், அது இறங்கி வரும்வரை விங்காரன் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், தன்னை நோக்கி ஓடிவரும் மாட்டு உடம்புகளைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் கோழை, பந்தைப் பார்த்துக்கொண்டே அடி வாங்கினால் வீரன்.

வென்ட்வேத்வில்லில் வளர்ந்த தமிழ்ப் பொடியனுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்டால், அவனுடைய அப்பா சிவலோகநாதன் ஒரே பதில் வைத்திருந்தார், அவன் படிப்பில கெட்டிக்காரன், இது சும்மா பொழுதுபோக்கு. சனிக்கிழமை காலையில் கணிதம், மத்தியானம் ஆங்கிலம், ஞாயிறு முழுக்கப் பழைய வினாத்தாள், இடையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் பூங்காவில் ஓடின ஓட்டத்தை ரக்பி பழக்குகிற ஒருவன் கண்டு கூட்டிக்கொண்டு போனான், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அரச பாடசாலைச் சோதனையில் பாஸ் பண்ணியவன் வீட்டில் சொல்லாமல் சப்பாத்து வாங்கினான். கிளப்பில் சேர்ந்த பிறகு சொந்தக்காரர்கள் அப்பாவைக் கண்டு துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பேசினார்கள், என்ன அண்ணை, பொடியன் இப்பிடிப் பாழாப் போட்டானே. அதே ஆட்கள் அவன் முதல் அணியில் ஆடத் தொடங்கியதும் வாயெல்லாம் பல்லாக வந்தார்கள், எங்கட பொடியன், எங்கட பொடியன், ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவரின் மண்டபத்தில் பொன்னாடை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆளின் வேர்வை வாடை. சாமத்திய வீடு ஒன்றுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள், பூப்பெய்திய பிள்ளை பல்லக்கில் வருகிறது, கட்டியிருக்கிற சேலையின் பாரத்தில் கழுத்து வளைந்து, வெட்கத்தில் சாகிறது, பல்லக்குக்குப் பின்னால் கிளப்பின் உடுப்பைப் போட்டுக்கொண்டு துவாரகன் பந்தோடு நடந்துவர வேண்டும், அதுதான் ஏற்பாடு, புகை கக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, படம் பிடிப்பவன் இன்னொருக்கா நடவுங்கோ அண்ணை என்கிறான், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தது, இரண்டு பேருக்கும் ஒரே குமட்டல், அதை மட்டும் அவன் இன்றுவரை மறக்கவில்லை.

கிளப்பில் மட்டும் என்ன வாழ்ந்தது. முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள், கறி, அன்பாகத்தான் வைத்தோம் என்றார்கள், வானொலிக்காரனும் அப்படித்தான் கத்துவான், கறி பறக்கிறது, கறி காரமாக இருக்கிறது, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி அவனே சிரித்துக்கொள்வான். திங்கட்கிழமை காலையில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும், இரும்புக் கவ்வி ஒன்றால் வயிற்றுத் தோலைக் கிள்ளிக் கொழுப்பை அளந்து எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொல்வார்கள், சந்தையில் ஆடு வாங்குகிறவன்கூடக் கொஞ்சம் மரியாதையாகத் தடவிப் பார்ப்பான். ஐஸ் தொட்டியில் ஒருவர் மாறி ஒருவர் இறங்க வேண்டும், விங்காரன் கடைசி, அதற்குள் தண்ணீர் மஞ்சளாகிச் சூடாகியிருக்கும், ஏன் சூடு என்று கேட்டால் முழு அறையும் சிரிக்கும். கணுக்காலில் சுற்றிய பிளாஸ்டர் மயிரோடு உரிந்து தரையில் ஈரமாகக் கிடக்கும், அதை மிதித்துக்கொண்டுதான் வென்ற நாட்களில் வட்டமாக நின்று தோளில் கைபோட்டு அணிப் பாட்டைப் பாடுவார்கள், பாட்டு முடிய யாருடையதோ சப்பாத்தில் பியரை ஊற்றி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், புதிதாக வந்தவன் முதலில். அவனும் குடித்தான், சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் குடித்தான், அதுதான் இப்போது நினைக்க இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

முதல் பருவம் தொடங்க முன் எல்லாரையும் ஓர் அறையில் கணினிகளுக்கு முன்னால் இருத்தினார்கள், சொற்களைக் காட்டுவார்கள், பிறகு கேட்பார்கள், படங்களைக் காட்டுவார்கள், நிறம் மாறியதும் பொத்தானை அமத்த வேண்டும், ஆரோக்கியமாக இருக்கும்போது உன் மூளை எவ்வளவு வேகம் என்று பதிந்து வைப்பதற்கு, பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், பழைய புள்ளியை எட்டும்வரை ஆட விடமாட்டார்கள். சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்ப் பிள்ளைக்கு முதுகு நிமிர்ந்துவிடும், துவாரகன் பேனை கேட்டான், பேனை தேவையில்லை என்றார்கள், கண்ணும் கருத்துமாகச் செய்து முழுப் புள்ளி எடுத்தான், அணியிலேயே முதல் ஆள், வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார், எத்தினை, சொன்னான், அப்பா அன்று தொலைபேசியில் நாலு பேருக்கு அழைத்துச் சொன்னார், அந்த விளையாட்டைப் பற்றி அவர் தன் வாயால் சொல்லிப் பெருமைப்பட்டது அது ஒன்றுதான். மற்றவர்கள் அவனை விசித்திரமாகப் பார்த்தார்கள், புரொஃபெசர் என்றார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அந்தப் பருவத்தின் நடுவில் வானத்துக்கு உதைத்த பந்து ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது விளங்கியது, பந்து கைக்கு வந்தது நினைவிருக்கிறது, பிறகு அறையில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, கணினிக்கு முன் இருத்தினார்கள், அவனுடைய அந்த முழுப் புள்ளியை எட்ட முடியவில்லை, இரண்டாவது கிழமையும் முடியவில்லை, மூன்றாவது கிழமையும் முடியவில்லை, இந்த நேரத்தில் அவன் இடத்தில் ஒரு டொங்கா நாட்டுப் பையன் ஆடி ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தான், துவாரகன் மேல்தட்டில் பார்வையாளரோடு உட்கார்ந்து அவன் பறப்பதைப் பார்த்தான்.

அடுத்த வருடம் அதே அறை, வருடா வருடம் புதிதாக எடுத்துப் பழைய புள்ளியை அழித்துவிடுவார்கள், உதவிப் பயிற்சியாளன் டாரன் கதவில் சாய்ந்து நின்று சொன்னான், பொடியங்களா, இண்டைக்கு ஒருத்தரும் மேதையாக வேண்டாம், வெளியில இறைச்சி சுடுறம், ஆறமுதல் வாங்கோ, சொல்லிவிட்டுத் துவாரகனைப் பார்த்து ஒரு கண்ணை மூடினான், அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை, இப்போது அவன் தலைமைப் பயிற்சியாளன், அன்றைக்கு நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டால் எவனாலும் ஓம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தந்தார்கள், ஐந்து சொல்லில் மூன்றைச் சொல்லு, பொத்தானைக் கொஞ்சம் பிந்தி அமத்து, ஆரம்பத்திலேயே குறைவாக எடுத்து வைத்தால் அடிபட்ட பிறகும் அதை எட்டலாம், எல்லாரும் செய்கிறதுதான், முழு அணியும் செய்கிறது, முழு லீக்கும் செய்கிறது. ஆனால் மற்றவர்கள் அதை விளையாட்டுப்போக்கில் செய்தார்கள், டியூஷனில் வளர்ந்தவன் அப்படிச் செய்வானா, பிழை விடுவதென்றாலும் ஆயத்தம் பண்ணித்தானே போக வேண்டும், அளவுக்கு மிஞ்சிப் பிழைவிட்டால் கணினி சந்தேகப்படும் என்று கேள்விப்பட்டிருந்தான், அதனால் அறையில் தலையிடி என்று சொல்லி ஒரு கிழமை தவணை வாங்கினான், வீட்டுக்கு வந்து சாருஜாவிடம் சொன்னான், கலியாணமாகிச் சில மாதம்தான், இரண்டு பேருக்கும் எல்லாமே பகிடி, ஞாயிறு மத்தியானம் சமையலறையில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் கிடக்கவிட்டு அவள் மேசையில் ஏறி உட்கார்ந்து ரீச்சர் ஆகிவிட்டாள், கண்ணில் பட்ட சாமான்களை எல்லாம் தமிழிலேயே ஐந்து சொல்லாகச் சொல்லுவாள், எங்க மாணவன், இப்ப மறவுங்கோ பாப்பம், அவன் மூன்றைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மறந்தவன்போல் நெற்றியைச் சுருக்குவான், சீ, இது நடிப்பு எண்டு குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும், முகத்தைக் கொஞ்சம் வெறுமையா வைச்சிருங்கோ, என்று அவள் அவன் முகத்தைப் பிடித்து நெற்றிச் சுருக்கத்தைத் தடவி நீக்குவாள், அந்தக் கிழமை முழுக்க இதே படிப்பு, அவள் சிரித்துச் சிரித்து மேசையிலிருந்து விழப் பார்த்தாள். அவன் சோதனைக்குப் போய் அதை நன்றாகக் கெடுத்துவிட்டு வந்தான், அப்பா எத்தினை என்று கேட்டபோது முழுசும் என்று சொன்னான்.

அதன்பிறகு ஆறு பருவங்களில் ஒரு ஆட்டத்துக்குக்கூட அவனை நிறுத்தி வைக்கவில்லை. அடிபடாமலா இருந்தான், எத்தனை தடவை என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்தவன் மாதிரிச் சொல்லவும் அவன் தயாரில்லை, அந்த ரப்பர் விரல் வாய்க்குள் வந்த தடவைகளை எண்ணினால் தெரியும், எழும்பி நிற்கும்போது மைதானம் ஒரு பக்கம் சரியும், எதிரணியின் வரிசையில் போய் நின்றிருக்கிறான், தன் ஆட்களே இழுத்து வந்திருக்கிறார்கள், கூட்டம் சிரித்தது, திரும்பத் திரும்ப அதைத் தொலைக்காட்சியில் போட்டார்கள், கறிக்கு மசாலா கூடிப்போச்சு என்றான் வானொலிக்காரன், அடுத்த நாள் கணினிக்கு முன் போய் உட்கார்ந்தால் அந்தக் குறைந்த புள்ளி எட்டக்கூடியதாகவே இருக்கும், பாஸ், கிளப் வைத்தியர் முதுகில் தட்டுவார், இவனுக்கு இரும்புத் தலை என்பார், அவனுக்கும் அதைக் கேட்கப் பெருமைதான், மற்றவனெல்லாம் முட்டாள்தனமாக ஏமாற்றுகிறான், தான் படித்து ஏமாற்றுகிறவன் என்று நினைத்தான், அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் ஐஸ் தொட்டியின் மஞ்சள் தண்ணீர்கூட அவ்வளவு நாறவில்லை. கடைசிப் பருவத்தில் முழங்கால் போனது, முழங்கால் என்றபடியால் மரியாதையாக அனுப்பினார்கள், மூலைக் கம்பத்தடியில் மனைவியையும் பிள்ளையையும் நிறுத்திப் படமெடுத்து, ஒரு கண்ணாடிச் சாடி கொடுத்து, அதில் அவன் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள்.

பிறகு வீடு, பிறகு வீட்டுக்குள் அவன். அரிசியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பக் கழுவுவான், அடுப்பில் பால் எரிந்து வீடு புகைந்த பிறகும் பக்கத்திலேயே நிற்பான், சாருஜா காலையில் சொன்னதைப் பின்னேரம் முதல் தரம் கேட்பவன்போல் கேட்பான், அவள் கத்தினால் அவன் அதைவிடக் கத்துவான், ஒருநாள் கோப்பையைச் சுவரில் எறிந்தான், எறிந்தது அவள் சொல்லித்தான் தெரியும். மகள் வெண்பாவுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல் வகுப்பு, கூட்டிவர வேண்டியவன் அவன், அந்தச் செவ்வாய் கடைக்குப் போனான், வீட்டுக்கு வந்தான், சோபாவில் சாய்ந்து யாருடையதோ ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சாருஜா வேலையால் வந்து பிள்ளை எங்க என்று கேட்டபோது எந்தப் பிள்ளை என்று கேட்டான், அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவனே கேட்டான், அவள் ஓடிப்போய்ப் பார்த்தால் நீச்சல் தடாகத்தின் படிக்கட்டில் ஈரத் தலையோடு வெண்பா நடுங்கிக்கொண்டு இருக்கிறது, பக்கத்தில் கதவைப் பூட்டக் காத்திருக்கும் வேலைக்காரப் பெண், பிள்ளை அழவில்லையாம், அப்பா ஆட்டத்தில இருப்பார் என்றதாம். அன்றைக்குத்தான் சாருஜா அதைச் சொன்னாள், குரல் உயராமல், பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே, எனக்கு நீங்கள் மறந்தது எண்டு காட்ட வேண்டாம், எப்பிடி மறக்கிறது எண்டு உங்களுக்குப் படிப்பிச்சதே நான், நெத்தியைச் சுருக்காம முகத்தை வெறுமையா வைச்சிருக்கிறியள், அப்பிடித்தான் நான் சொல்லித்தந்தனான். அவன் கண்ணாடியில் போய்ப் பார்த்தான், முகம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது, வெறுமையாக, நன்றாகப் படித்த முகமாக, அதன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

பாடசாலையிலும் கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தீர்களா, என்று டொக்டர் ஹெலன் கேட்கிறார், இதமாகத்தான் கேட்கிறார், சிலருக்கு இயல்பாகவே கவனமும் ஞாபகமும் கொஞ்சம் குறைவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா இதைக் கேட்டிருந்தால் இந்த இடத்திலேயே விழுந்திருப்பார். துவாரகன் வாயைத் திறந்தான், விரல் வரட்டும் என்று திறந்தான், அந்தப் புள்ளிகள் பொய், என்றான், நான் வேண்டுமென்று குறைத்து எடுத்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்தோம், எனக்கு ஐந்தும் நினைவிருந்தது, மூன்றைத்தான் சொன்னேன். ஹெலன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அவன் சொன்னதை அவர் இதற்கு முன்னும் கேட்டிருப்பார் போலிருந்தது, வேறு ஆட்டக்காரர்கள் வேறு காரணங்களுக்காகச் சொல்லியிருப்பார்கள், அப்படியென்றால், என்றார், இன்று காலையும் நீங்கள் வேண்டுமென்று குறைக்கவில்லை என்று நான் எப்படி நம்புவது. அவன் சாருஜாவைப் பார்த்தான், அவளும் அதே கேள்வியோடுதான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள்தான் ஒரே சாட்சி, நம்பாமல் இருப்பதற்கு அதிகக் காரணம் உள்ளவளும் அவள்தான், சொல்லுமன், என்றான் தமிழில், அவள் சொன்னாள், அவர் சொல்லுறது உண்மை டொக்டர், நான்தான் பழக்கினேன், இவர் நல்லா நடிப்பார், அதுதான் எனக்கும் தெரியேல்ல. ஆங்கிலத்தில் அதைச் சொன்னபோது அது இன்னும் அசிங்கமாக இருந்தது, இரண்டு பேர் ஞாயிறு மத்தியானம் சிரித்து விளையாடிய விளையாட்டை யாரோ தரையில் கொட்டிக் காட்டியது போல.

சரி, என்றார் ஹெலன், பழையதை எடுத்து ஒரு பக்கம் வைப்போம், கணினியும் வேண்டாம், நான் ஐந்து சொல் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன், குதிரை, மெழுகுதிரி, பாலம், எலுமிச்சை, சட்டை. அவன் உடனேயே ஐந்தையும் திருப்பிச் சொன்னான், ஆங்கிலத்தில், பிசகில்லாமல், முதல் வரிசையில் பேர் கூப்பிட்டதும் எழும்பும் மாணவன் மாதிரி. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், டிசம்பர், நவம்பர், ஒக்டோபர், செப்டம்பர், அங்கே ஒரு சுவர் நின்றது, செப்டம்பரில் இறுதி ஆட்டங்கள், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடினான், கிடைக்கவில்லை, பரவாயில்லை என்றார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றான், விழப் பார்த்தான், சாருஜா அரைவாசி எழும்பி உட்கார்ந்தாள், முழங்கால், என்று அவன் அவளைப் பார்த்துச் சொன்னான், முழங்காலால்தான். ஏமாற்றவில்லை, சத்தியமாக ஏமாற்றவில்லை, இந்த ஒரு தரம் ஒன்றையும் ஒளிக்காமல் உள்ளதை எல்லாம் அள்ளிக் கொடுக்கிறான், இது கிளப் இல்லை, டாரன் கதவடியில் இல்லை, பதிலாக ஆடக் காத்திருக்கும் டொங்கா நாட்டுப் பையன் இல்லை, யன்னலோரத்தில் அவள் மட்டும்தான் இருக்கிறாள், அவள் நம்பினால் போதும். இப்போது சொல்லுங்கள், என்றார் ஹெலன், அந்த ஐந்து சொற்கள்.

கண்ணை மூடினான், ஆச்சரியம், எல்லாம் இருந்தன, ஐந்தும் இருந்தன, வெளிச்சத்தில் வரிசையாக, ஒன்றுக்குக்கூட மங்கல் இல்லை, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தலைக்குள் யன்னல் திறந்து காற்று வந்தது மாதிரி இருந்தது, அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், சொன்னான், லாச்சி, துவாய், அகப்பை, சீனி, யன்னல். சொல்லி முடித்து ஹெலனைப் பார்த்துச் சிரித்தான், ஹெலனும் சிரித்தார், எனக்கு உங்கள் மொழி தெரியாதே, என்று சாருஜா பக்கம் திரும்பினார், மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, சரிதானா. சாருஜாவின் கைப்பை மடியிலிருந்து வழுக்கி நிலத்தில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை, இஞ்சேருங்கோ, என்றாள் அவனைப் பார்த்து, பிறகு டொக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, இல்லை, இதில் ஒன்றுகூட நீங்கள் சொன்னதில்லை, இவை நான் சொன்னவை, எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில், மேசையில் இருந்துகொண்டு, இவரை மறக்கப் பழக்கிய நாளில், அன்றைக்கு ஒரு தரம்கூட இவர் ஐந்தையும் சொல்லவில்லை, மூன்றைத்தான் சொல்லுவார், இதை இவர் நடிக்கவில்லை டொக்டர், இதை நடிக்க ஏலாது.

ஹெலன் திரையை ஒரு பக்கம் திருப்பிவிட்டு முதல் தடவையாக அவனை முழுதாகப் பார்த்தார், தாள் ஒன்றை எடுத்தார், குரலைத் தாழ்த்தி எதையோ சொல்லத் தொடங்கினார், வேறு ஸ்கான், வேறு நிபுணர், இனி வாகனம் ஓட்ட வேண்டாம். சாருஜா கதிரையை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள், நான் எங்கையும் போகேல்ல, என்றாள், அவள் கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. அப்படியென்றால் அவன் வென்றுவிட்டான், எதற்காக இங்கே வந்தானோ அது கிடைத்துவிட்டது, அவள் நம்பிவிட்டாள், மெல்பேன் இல்லை, அக்கா இல்லை, பிள்ளை இங்கேயே இருக்கும், இதற்குத்தானே காலையிலிருந்து ஏங்கினான், ஆனால் அடிவயிற்றிலிருந்து அந்தக் குமட்டல் எழும்பியது, இந்த முறை ஐஸ் தொட்டியையோ சப்பாத்துப் பியரையோ டாரனையோ நினைத்து அல்ல, சற்று முன் அந்த ஐந்து சொல்லை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன தன் வாயை நினைத்து, ஐந்துக்கு ஒன்றுகூட இல்லை, பூச்சியம், வாழ்க்கையில் ஒரு நாளும் எடுக்காத பூச்சியம், அதுவும் வேண்டுமென்று எடுக்காதது. அவன் கையை அவளிடமிருந்து மெல்ல உருவி எடுத்தான், சட்டையை இழுத்துச் சரிசெய்தான், கதிரையில் நேராக உட்கார்ந்தான், இன்னொருக்காக் கேக்கச் சொல்லும் சாருஜா, என்றான், இந்த முறை சரியாச் சொல்லுவன்.